பாகு சொதப்பினால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் ஆரம்பித்துவிடும். "ஜீரா பூத்துப்போச்சு", "பர்பி இறுகவே மாட்டேங்குது", "அதிரசம் எண்ணெயில போட்டதும் காணாமப் போகுது." படித்தது வேதியியல், பிழைப்புக்குச் செய்வது வீட்டு இனிப்பு என்பதால் தெரிந்தவர்கள் எல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது எப்போதும் இரண்டே கேள்விகள். பாகில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? சீனி எவ்வளவு உடைந்திருக்கிறது?

முதல் கேள்வி எல்லோருக்கும் தெரியும். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று நம் பாட்டிமார் அளந்ததெல்லாம் தண்ணீரைத்தான். இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரியாததால்தான், பதம் சரியாகப் பார்த்தும் பலகாரம் கெட்டுப்போகிறது. அதனால் அறிகுறிகளுக்குப் போவதற்கு முன் வாணலிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

வாணலிக்குள் மூன்று பேர்

கடைச் சீனி ஏறக்குறைய முழுக்கச் சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்கும் இரட்டை அது. பிரிந்து நின்றால் இரண்டும் எளிய சர்க்கரைகள். இரண்டிலும் ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன் அணுக்கள்தான். அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. சூடும் புளிப்பும் கிடைத்தால் ஒரு தண்ணீர் மூலக்கூறு நடுவே புகுந்து கோத்த கையைப் பிரித்துவிடும். கணக்காகச் சொன்னால் 342 கிராம் சுக்ரோஸ் 18 கிராம் தண்ணீரை விழுங்கி, 180 கிராம் குளுக்கோஸாகவும் 180 கிராம் ஃபிரக்டோஸாகவும் மாறுகிறது. ஈஸ்ட் இருந்தால் சூடுகூடத் தேவையில்லை. அதனிடம் உள்ள இன்வெர்டேஸ் என்ற நொதியே வேலையை முடித்துவிடும்.

பிரிந்த கலவைக்கு பேக்கரிக்காரர்கள் இன்வெர்ட் சுகர் என்பார்கள். சுக்ரோஸ் கரைசல் முனைவுற்ற ஒளியை (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி) வலப்பக்கம் திருப்பும். அதன் சுழற்சி எண் 66.5. உடைந்த பிறகு அதே கரைசல் இடப்பக்கம் திருப்பும், எண் ஏறக்குறைய 20. தலைகீழாகத் திரும்பியதால் வந்த பெயர்.

இது சமையலுக்கு எதற்கு என்கிறீர்களா? சுக்ரோஸ் மூலக்கூறுகள் ஒரே அச்சில் வார்த்த செங்கல் மாதிரி. இடம் கிடைத்தால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் படிகமாகிவிடும். நடுவே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கிடந்தால் செங்கல் வரிசையில் கூழாங்கல் விழுந்த கதைதான், அடுக்கு குலைந்துவிடும். போதாததற்கு ஃபிரக்டோஸ் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே சீனி கொஞ்சமும் உடையாவிட்டால் பாகு பூக்கும். அளவுக்கு மேல் உடைந்தால் இறுகாமல் பிசுபிசுக்கும். கீழே வரும் புகார்களில் பாதிக்குமேல் இந்த இரண்டுக்கு நடுவில்தான் ஆடுகின்றன.

தண்ணீரை அளக்க விரல் பழகாதவர்கள் ஒரு சமையல் வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். ஒற்றைக் கம்பி சுமார் 105 முதல் 110 டிகிரி செல்சியஸ். தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வருவது 112 முதல் 116. போட்டால் 'டங்' என்று சத்தம் வருவது 146 முதல் 154. முதலாவதில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேலேயே தண்ணீர் இருக்கும், கடைசியில் ஒரு பங்குதான். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். அங்கே வெறும் தண்ணீரே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். முதலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 100க்கு எத்தனை டிகிரி குறைகிறதோ அத்தனையை எல்லா எண்ணிலிருந்தும் கழியுங்கள்.

"ஜாங்கிரி ஜீரா மறுநாள் பார்த்தா வெள்ளையாப் பூத்திருக்கு"

புகார்களில் முதலிடம் இதற்குத்தான். விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் சுக்ரோஸ் படிகம், சந்தேகமே வேண்டாம்.

நடந்தது இதுதான். அறைச் சூட்டில் 100 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியைத்தான் தாங்கும். கொதிநிலையில் அதே தண்ணீர் 480 கிராமுக்கும் மேல் தாங்கும். கொதிக்கக் கொதிக்க வற்றிய பாகு ஆறும்போது, தாங்கக்கூடியதற்கு மேல் சீனியைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அப்போது ஒரு சின்னச் சாக்கு போதும், மொத்தமும் படிகமாகத் தொடங்கிவிடும். பாத்திர ஓரத்தில் ஒட்டிய ஒரு சீனித் துகள், நேற்றுப் பாகு காய்ந்து ஒட்டிய கரண்டி, ஆறும்போது சும்மா இருக்கமாட்டாமல் ஒரு கிண்டு, வடிகட்டாத தூசி, எதுவானாலும் சரி. கொதி வரும்போது ஒரு கரண்டி பால் விட்டு அழுக்கெடுக்கும் பழக்கம் இருக்கிறதே, அது நிறத்துக்காக மட்டும் இல்லை. பாலின் புரதம் திரண்டு தூசியை வாரிக்கொண்டு மேலே வருகிறது. படிகம் பிடித்து வளரும் கொழுகொம்புகளும் சேர்ந்தே போகின்றன.

இப்போது பூத்துவிட்ட ஜீராவை என்ன செய்வது? இனிப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். அரைக் கிலோ சீனிப் பாகு என்றால் அரைக் கப் தண்ணீர் விட்டு, சிறு தீயில் ஒரு துகள் மிச்சமில்லாமல் கரையவிடுங்கள். 'பெரும்பாலும் கரைந்துவிட்டது' என்று இறக்கினால் மறுநாள் மறுபடியும் பூக்கும். கரைந்ததும் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. பிறகு மூடி போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டால் நீராவி மூடியில் பட்டு வழிந்து ஓரத்தையெல்லாம் தானே கழுவிவிடும். மூடியைத் திறந்து, வேண்டிய பதம் வந்ததும் இறக்கிவிட்டு, கரண்டியை அதற்குள் விடாதீர்கள்.

எலுமிச்சையைப் பற்றி ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. பல சமையல் குறிப்புகளில் "அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசியில் எலுமிச்சை பிழியவும்" என்று எழுதுகிறார்கள். எலுமிச்சை அங்கே செய்ய வேண்டிய வேலை சுக்ரோஸை உடைப்பது. உடைக்கச் சூடு வேண்டும், நேரமும் வேண்டும். ஆறப்போகும் பாகில் பிழிந்தால் புளிப்பு வாசனை வரும், பூப்பது அவ்வளவாக நிற்காது. கொதி தொடங்கும்போதே விடுங்கள். புளிப்பே வேண்டாம் என்பவர்கள், கேக் சாமான் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸில் ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். உடைப்பதற்குப் பதில் கூழாங்கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து போடுகிறோம், அவ்வளவுதான். மருந்துக்கடை குளுக்கோஸ் பொடியும் கைகொடுக்கும். ஆரஞ்சு வாசனை போட்டது வேண்டாம். அதில் பல சமயம் சீனியே கலந்திருக்கும்.

"மைசூர்பாகு, தேங்காய் பர்பி இறுகலை, அல்வா மாதிரி நிக்குது"

இங்கே கதை தலைகீழ். பர்பிக்குப் பூக்கத்தான் வேண்டும். வில்லை போடும்போது கத்திக்கு இசையும் அந்த இறுக்கம் நுண்ணிய சுக்ரோஸ் படிகங்களால் வருவது. நான் கேட்கும் முதல் கேள்வி: "எலுமிச்சை விட்டீங்களா?" ஜாமூனுக்குப் படித்த குறிப்பை பர்பிக்கும் போட்டுவிட்டு, 'நல்லதுதானே' என்று நினைத்திருப்பார்கள். விட்டிருந்தால் அந்தத் தட்டை அல்வா என்று பெயர் மாற்றிப் பரிமாறிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

விடவில்லை என்றால் தண்ணீர்தான் மிச்சம். மறுபடியும் அடிகனமான வாணலியில் போட்டுச் சிறு தீயில் கிளறுங்கள். ஓரங்களில் வெள்ளையாகப் பொரிந்து, கலவை பாத்திரத்தை விட்டுச் சுருண்டு வந்ததும் இறக்கி, ஒரு மேசைக்கரண்டி பொடித்த சீனியைத் தூவி ஒரு நிமிடம் வேகமாகக் கிளறிவிட்டுத் தட்டில் கொட்டுங்கள். அந்தப் பொடி உறைமோர் மாதிரி. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு படிகம் வளர ஆரம்பிக்கும். துகள் நிறைய இருந்தால் படிகம் சின்னதாக நிற்கும், நாக்குக்கு வழுவழுப்பாகத் தெரியும். மைசூர்பாகில் நெய் பிரிந்து நுரைத்த பிறகு இந்த வைத்தியம் அவ்வளவு கைகொடுக்காது, பர்பிக்குக் கொடுக்கும்.

தட்டில் கொட்டுவதற்குள் வாணலியிலேயே மணலாக உதிர்ந்துவிட்டது என்றால் பாகு முற்றிவிட்டது. கால் கப் பால் தெளித்து மறுபடி இளக்குங்கள்.

"கடலை மிட்டாய் பல்லுல ஒட்டுது"

கடலை மிட்டாயின் பாகு படிகமாகாமல் கண்ணாடியைப் போல உறைய வேண்டிய ஒன்று. மூலக்கூறுகள் வரிசைகட்ட நேரமில்லாமல் அப்படியே நின்றுபோன நிலை அது. அந்தக் கண்ணாடிக்கு முதல் எதிரி தண்ணீர். இரண்டு மூன்று பங்கு கூடுதலாக இருந்தால்கூட உடைய வேண்டியது வளையத் தொடங்கும். ஆகவே முதலில் பதம்: ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்துக் கிண்ணத்தில் போட்டால் கூழாங்கல் விழுந்த சத்தம் வர வேண்டும். கடித்தால் பல்லில் ஒட்டாமல் நொறுங்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சத்தம் சற்று முன்னாலேயே வந்துவிடும்.

சத்தமும் வந்தது, நொறுங்கவும் செய்தது, ஆனால் மறுநாள் டப்பாவைத் திறந்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது என்றால் குற்றவாளி வெல்லம். நல்ல வெல்லத்திலேயே நூற்றுக்குப் பத்துப் பங்கை ஒட்டி உடைந்த சர்க்கரை இருக்கும். மழைக்காலத்தில் வேர்த்து, கசிந்து, ஓரம் கறுத்த வெல்லத்தில் அது இன்னும் கூடியிருக்கும். தூய சுக்ரோஸ் காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கசியத் தொடங்குகிறது. ஃபிரக்டோஸுக்கு 60ஐக் கொஞ்சம் தாண்டினாலே போதும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா?

வழி மூன்று. வெல்லத்தில் கால் பங்கைச் சீனியாக மாற்றுங்கள். கூழாங்கல்லின் விகிதம் குறையும். இறக்கும் தறுவாயில் இரண்டு சிட்டிகை ஆப்ப சோடா போடுங்கள். அது புளிப்பைக் கொன்று மேற்கொண்டு உடைவதை நிறுத்தும், நுரைத்து நுண்ணிய குமிழிகளை அடைத்து மிட்டாயை மொறுமொறுப்பாக்கும். நிறம் ஒரு சாயல் கூடும், பயப்பட வேண்டாம். மூன்றாவது, வில்லை ஆறியதும் உடனே காற்றுப் புகாத டப்பா. 'ராத்திரி முழுக்க ஆறட்டும்' என்று தாம்பாளத்தில் விட்டுவைத்தால் ராத்திரி முழுக்க அது தண்ணீர் குடிக்கும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் பேர் வந்ததில் அந்தக் கரிசல் மண் பூமியின் காய்ந்த காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் சொந்த நம்பிக்கை.

வெல்லம் உடைந்ததா என்று வீட்டிலேயே பார்க்க

இது எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. மருந்துக்கடையில் சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டை கிடைக்கும். அதிலுள்ள நொதி குளுக்கோஸை மட்டும்தான் அடையாளம் காணும், சுக்ரோஸைக் கண்டுகொள்ளாது. 10 கிராம் வெல்லத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, பட்டையை நனைத்து, டப்பாவில் சொன்ன நொடிக்கணக்குப்படி நிறம் பாருங்கள். இரண்டு கடை வெல்லத்தை இப்படி ஒரே அளவில் கரைத்து ஒப்பிட்டால், நிறம் அதிகம் மாறுவது அதிகம் உடைந்த வெல்லம். அதைப் பாயாசத்துக்கு வைத்துக்கொண்டு, மற்றதைக் கடலை மிட்டாய்க்கு எடுங்கள். வெள்ளைச் சீனிக் கரைசலில் நனைத்தால் நிறமே மாறாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது எங்கள் வீட்டில் பட்டை கெட்டுப்போச்சு என்றார்கள்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் பெனடிக்ட் கரைசலை வைத்து இதையே பள்ளி ஆய்வகத்தில் செய்து காட்டும். அமெரிக்க வேதியியலர் ஸ்டான்லி பெனடிக்டின் பெயரில் வழங்கும் அந்த நீலக் கரைசலை, பட்டைகள் வருவதற்கு முன் ஆஸ்பத்திரிகளில் சோதனைக் குழாயில் காய்ச்சித்தான் நீரிழிவு பார்த்தார்கள். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டின் வளையமும் கரைசலில் அவ்வப்போது திறந்துகொள்ளும். திறந்த முனை செம்பு அயனியைப் பிடித்துச் செங்கல் நிறக் குப்ரஸ் ஆக்சைடாக மாற்றிவிடும். சுக்ரோஸில் இரண்டு பேரின் அந்த முனைகளும்தான் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. திறக்க வழியில்லாததால் நீலம் நீலமாகவே நிற்கும்.

எச்சரிக்கை ஒன்று: எலுமிச்சை நிறையப் பிழிந்த பாகில் இரண்டு சோதனையும் ஏமாற்றலாம். வைட்டமின் சி பட்டையின் நிறத்தைத் தடுக்கும். பெனடிக்டில் தானே வினைபுரிந்து இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும்.

"அதிரசம் எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு போகுது"

பாகு இளசு. அரிசி மாவின் ஸ்டார்ச் சூட்டில் வீங்கிப் பிடித்துக்கொண்டால்தான் அதிரசம் உருக்குலையாமல் நிற்கும். சர்க்கரை நிறைய இருக்கும் இடத்தில் ஸ்டார்ச் வீங்குவதற்கு இன்னும் அதிகச் சூடு தேவைப்படுகிறது, ஏனென்றால் இருக்கும் தண்ணீருக்குச் சர்க்கரையும் போட்டி போடுகிறது. பாகு நீர்த்திருந்தாலோ மாவுக்கு மேல் பாகு கூடியிருந்தாலோ, ஸ்டார்ச் பிடிப்பதற்குள் பாகு இளகி ஓடிவிடும். எண்ணெய்க்குள் ஒரே கசடு.

மாவை வீணாக்காதீர்கள். இரண்டு மூன்று கரண்டி ஈர அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து, ஒரு நாள் முழுக்க மூடி வையுங்கள். அதிரச மாவை ஊறப்போடும் வழக்கத்தின் பொருளே, பாகின் தண்ணீர் மெதுவாக மாவுக்குள் போய்ச் சேரட்டும் என்பதுதான். ஒரே ஒரு அதிரசம் தட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஆரம்பியுங்கள். இந்த ஒரு புத்தியைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு தீபாவளி ஆனது.

"கல்லு மாதிரி ஆயிடுச்சு" என்றால் எதிர்ப்பக்கம். கொஞ்சம் சூடான பால் தெளித்துப் பிசையலாம். கனிந்த வாழைப்பழம் அரைத் துண்டு மசித்துச் சேர்ப்பது இன்னும் நல்லது. பழத்திலிருக்கும் ஃபிரக்டோஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீனியில் செய்த அதிரசம் சீக்கிரம் விறைத்துப்போக, வெல்ல அதிரசம் ஒரு வாரம் கழித்தும் பதமாக இருப்பது இதனால்தான்.

"வெளியே கறுத்துடுச்சு, உள்ளே மாவு" என்பவர்கள் உடைந்த வெல்லத்தைச் சந்தேகிக்கலாம். பலகாரம் சிவப்பது பெரும்பாலும் மெயிலார்டு வினையால். சர்க்கரையின் திறந்த முனையும் மாவிலிருக்கும் புரதத்தின் அமினோ பகுதியும் சேர்ந்து பழுப்பும் மணமும் உண்டாக்குகின்றன. லூயி கமில் மெயிலார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1912இல் இதை எழுதினார். சுக்ரோஸுக்குத் திறந்த முனை இல்லாததால் அது இந்த ஆட்டத்துக்கு நேரடியாக வராது. தனியாகக் காய்ந்து கருகுவதிலும் ஃபிரக்டோஸ்தான் முந்தும். 110 டிகிரியை ஒட்டியே அது நிறம் மாறத் தொடங்கும். மற்ற இரண்டுக்கும் 160 போல வேண்டும். கசிந்த வெல்லம்தான் கையில் இருக்கிறது என்றால் தீயைக் குறைத்து, அதிரசத்தைக் கொஞ்சம் மெல்லிசாகத் தட்டுங்கள்.

"வெல்லம் போட்டதும் பால் திரிஞ்சு போச்சு"

வெல்லத்தின் புளிப்பும் பாலின் சூடும் சேர்ந்து செய்த வேலை. திரிந்தது திரிந்ததுதான். அடுத்த முறை வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவைத்து, இரண்டும் ஆறிய பிறகு சேருங்கள். பழைய வெல்லம் என்றால் கரைசலில் ஒரு சிட்டிகை சோடா.

"பால்கோவா நாக்குல மணலாத் தெரியுது"

சீனியைத் திட்டாதீர்கள், இது பாலுக்குள்ளேயே இருக்கும் வேறொரு சர்க்கரை. லாக்டோஸ். அதிலும் ஒரு பாதி குளுக்கோஸ், மறுபாதி காலக்டோஸ். சுக்ரோஸ் மாதிரி தாராளமாகக் கரையும் குணம் அதற்கு இல்லை. அறைச் சூட்டில் 100 கிராம் தண்ணீரில் 20 கிராம் கரைந்தால் பெரிது. பாலை அஞ்சில் ஒன்றாக வற்றவைக்கும்போது இருக்கும் கொஞ்சத் தண்ணீரில் அது தாக்குப்பிடிக்காமல் படிகமாக இறங்குகிறது. மெதுவாக ஆறவிட்டால் சில படிகங்களே பிடித்துப் பெரிதாக வளரும். நாக்கு அதைத்தான் மணல் என்கிறது.

இறக்கியதும் அகலமான தாம்பாளத்தில் கொட்டிக் கிளறிக்கொண்டே சட்டென்று ஆற்றுங்கள். படிகம் எண்ணிக்கையில் பெருகி அளவில் சிறுக்கும். ஒருமுறை மணலானதைக் கொஞ்சம் பால் விட்டு மறுபடி சூடேற்றிக் கரைத்து, இதே மாதிரி ஆற்றலாம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை வாங்கிவந்து குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் வைத்துவிட்டு, "முன்ன மாதிரி இல்லை" என்று குறைசொல்பவர்களும் இதையே கவனிக்கலாம். குளிரில் லாக்டோஸின் கரைதிறன் இன்னும் குறையும்.

"குலோப்ஜாமூன் சுருங்கி வத்திப்போச்சு"

பாகு கெட்டி. ஜாமூனுக்குள் பாகு போவதற்குப் பதில் உள்ளிருந்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது. ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் காய் சுண்டுமே, அதே சவ்வூடுபரவல். சீனிக்குச் சம அளவு தண்ணீர், கம்பிப் பதம் வரக்கூடாது, போடும்போது பாகும் ஜாமூனும் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

"பாகு கசக்குது"

160 டிகிரியைத் தாண்டியதும் சர்க்கரை உடைந்து, தண்ணீரை இழந்து, புதுப்புதுப் பொருள்களாக மாறத் தொடங்கும். பொன்னிறத்தில் மணம், ஒரு அரை நிமிடம் கவனிக்காவிட்டால் கசப்பு. சீனி போட்டு மூடி மறைக்க முடியாது, கொட்டிவிடுங்கள். அதற்காகக் கொதிக்கும் கருகல் பாகில் தண்ணீரை விசிறாதீர்கள். 160 டிகிரியில் விழும் தண்ணீர் கண நேரத்தில் ஆவியாகி, ஒட்டும் பாகையும் முகத்தில் தெளித்துவிடும். எண்ணெய்ச் சூட்டைவிடப் பொல்லாதது, துடைத்தாலும் போகாது. அடுப்பை அணைத்து, தானாக ஆறிய பிறகு பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி ஊறவிட்டால் முழுக்கக் கரைந்துவிடும். தேய்க்கவே வேண்டாம்.

"பதநீரை எவ்வளவு காய்ச்சினாலும் பிசினாத்தான் நிக்குது, கட்டியாகலை"

இது வீட்டுச் சமையற்கட்டுப் புகார் இல்லை. ஆனாலும் தெற்கே இருக்கும் உறவினர் ஒருவர் கேட்டதால் சேர்க்கிறேன், இரண்டாம் கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பனம்பாளையிலிருந்து சொட்டும் நீரில் இருக்கும் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ்தான். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதை உடனே உடைக்க ஆரம்பித்துவிடும். உடைத்த பிறகு சாராயமாக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது இதைத் தடுக்கத்தான். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்டும் அடங்கிக் கிடக்கும், அமிலத்தால் உடைவதும் நின்றுபோகும். சுண்ணாம்பு குறைந்த கலயத்து நீர் நாக்குக்கு இனிக்கத்தான் செய்யும். ஃபிரக்டோஸ் சுக்ரோஸைவிட இனிப்பானது என்பதால் சுவையை வைத்து ஏமாந்துவிடுவோம். வாணலியில் வற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். கருப்பட்டியாக இறுகுவதற்கு வேண்டிய செங்கற்கள் ஏற்கெனவே பாதி உடைந்துபோயிருக்கும்.

காய்ச்சும் கட்டத்தில் இதற்கு வைத்தியம் இல்லை. உடைந்த இரட்டையை அடுப்பில் வைத்து ஒட்டவைக்க யாராலும் முடியாது. பாகாகவே புட்டியில் ஊற்றிப் பயன்படுத்திவிட்டு, மறுநாள் கலயத்தைக் கழுவிக் காயவைத்துப் புதுச் சுண்ணாம்பு தடவுவதுதான் வழி. பனங்கற்கண்டு எடுப்பவர்களுக்கு இந்தக் கண்டிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும், பெரிய படிகம் வளர வாரக்கணக்கில் ஆகும். வெட்டிய கரும்பை வெயிலில் போட்டுவைக்காமல் உடனே ஆலைக்கு அனுப்பத் துடிப்பதற்கும் காரணம் இதுவே.

"தேன் உறைஞ்சு போச்சு, சீனி கலந்துட்டானோ?"

பெரும்பாலும் இல்லை. தேன் என்பது பூவின் சுக்ரோஸைத் தேனீ தன் நொதியால் உடைத்து வைத்த சரக்கு. சராசரியாக நூற்றுக்கு 38 பங்கு ஃபிரக்டோஸ், 31 பங்கு குளுக்கோஸ், 17 பங்கு தண்ணீர். ஃபிரக்டோஸ் தண்ணீரில் எளிதாகக் கரைந்து கிடக்கும். குளுக்கோஸுக்கு அந்த 17 பங்கு தண்ணீர் போதாது, அதனால் மெல்ல அடியில் படிகமாக இறங்குகிறது. குளுக்கோஸ் எந்த அளவு கூடுதலோ அந்த அளவு சீக்கிரம் உறையும். குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டத் தேன் இப்படி உறைவதற்குப் பேர்போனது. 14 டிகிரியை ஒட்டிய குளிரில் வேகம் அதிகம், அதனால் தேனைக் குளிர்பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

தண்ணீரில் விட்ட தேன் நேராக அடிக்கு இறங்குகிறதா, திரியில் நனைத்தால் எரிகிறதா என்ற வீட்டுச் சோதனைகள் தண்ணீர் எவ்வளவு கலந்தது என்று ஓரளவு காட்டலாம். கெட்டியான சீனிப் பாகும் அவற்றில் தேறிவிடும்.

உறைந்த தேனைத் திரும்ப இளக்க, பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில், 40 டிகிரியை ஒட்டி, அரை மணி நேரம் நிற்கவிடுங்கள். நீர் ஆறினால் மாற்றுங்கள். அடுப்பில் நேரடியாக வைத்தால் நொதிகள் கெடும், ஃபிரக்டோஸ் சிதைந்து நிறமும் மணமும் மாறும். ஒரு படிகம் மிச்சமிருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி உறையும். ஆகவே பாட்டிலின் அடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மூடுங்கள். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் உறைந்ததைக் கரண்டியால் எடுத்துச் சூடான தோசையில் தடவிக்கொள்ளலாம், வழிந்து ஓடாமல் இருக்கும்.